படகு நிறைய எண்ணெய், படுக்க ஒரு முழம்: பேராக் கரையில் போர்க்காலப் படகுக்காரர்களின் உறக்கம்

போர்க்கால ரோந்துப் படகின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இயந்திர அறை. அடுத்தது எண்ணெய்த் தொட்டி. அப்புறம் பீரங்கி மேடை, டார்பிடோக் குழாய், நீர்மூழ்கியைத் தாக்கும் குண்டுகள், வானொலி அறை. இவை தங்களுக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சிய மூலை முடுக்குகளில்தான் மனிதர்கள் படுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய இந்தப் படகுகளைப் பற்றிய புத்தகங்களில் வேகமும் குதிரைச் சக்தியும் பக்கம் பக்கமாக உண்டு. படுக்கையைப் பற்றி ஓரிரு வரி இருந்தாலே பெரிது. ஆனால் அந்த வேகமெல்லாம் சரியாகத் தூங்காத ஒரு சுக்கான்காரர் கையில்தான் இருந்தது. எனவே படுக்கையும் போர்க் கருவிதான் என்று எடுத்துக்கொண்டு பார்ப்பதே நியாயம்.

பேராக் மாநிலத்தில் ஆயர் தாவாரிலிருந்து சித்தியவான் வழியாகப் போனால் லுமுட் வந்துவிடும். இன்று மலேசியக் கடற்படையின் பெரிய தளம் அங்கே இருக்கிறது. 1941 கடைசியில் அந்தக் கரையின் நிலைமை வேறு. டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர், 19 ஆம் தேதி பினாங்கைப் பிடித்தார்கள். ஆங்கிலேயர் அழிக்காமல் விட்டுப்போன சிறு படகுகளும் துறைமுகத்தில் அவர்கள் கைக்குக் கிடைத்தன. அந்தப் படகுகளில் துருப்புகளை ஏற்றி, லுமுட்டில் கூட்டி, கரையோரமாகவே தெற்கு நோக்கி நகர்ந்தார்கள். கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை இந்திய, ஆங்கிலேயப் படைகள் பிடிவாதமாக நின்று போரிட்டும் பின்வாங்க நேர்ந்ததற்கு இந்தக் கடல்வழியே முக்கியக் காரணம். ஜப்பானியர் ஊத்தான் மெலிந்தாங், தெலுக் அன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) பக்கம் இறங்கியதும் கம்பாரில் நின்றவர்களின் முதுகுப்புறம் திறந்துபோனது.

இதைத் தடுக்க ஆங்கிலேயர் அமைத்த சிறுபடகுப் பிரிவுக்குப் 'பேராக் ஃபுளோட்டில்லா' என்று பெயர். போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலிருந்து, அது இயங்கியது. பெயரைக் கேட்டால் பெரிய கப்பற்படை போலத் தோன்றும். உண்மையில் சில மோட்டார் லாஞ்சுகளும், கிடைத்த சிறு படகுகளும்தான். டிசம்பர் இறுதியில் மேஜர் ஆங்கஸ் ரோஸ் தலைமையில் சுமார் ஐம்பது ஆஸ்திரேலியர்கள் பேராக்கின் துரோங் பக்கம் கரையிறங்கி ஜப்பானியரின் வண்டிகளைப் பதுங்கித் தாக்கினார்களே, அவர்களைக் கொண்டுபோய் விட்டதும் இந்தப் பிரிவுதான்.

அந்தக் காலத்து ஆங்கிலேய மோட்டார் லாஞ்சுகளில் அதிகம் கட்டப்பட்டது 'ஃபேர்மைல் பி' வகை. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 650 படகுகள் கட்டப்பட்டன. நீளம் 112 அடி, அகலம் 18 அடி சொச்சம். ஒட்டுப்பலகைச் சட்டங்களைத் தொழிற்சாலையில் அறுத்து, பெட்டி பெட்டியாக அனுப்பி, எந்தப் படகுப் பட்டறையிலும் பூட்டிக்கொள்ளலாம் என்பதே இதன் சிறப்பு. மேலே குறுக்கும் மறுக்குமாக இரண்டு அடுக்கு மகாகனிப் பலகை. இரண்டு பெட்ரோல் இயந்திரங்கள், 20 நாட் வேகம். 2,300 காலனுக்கு மேல் பெட்ரோல். ஆட்கள் சுமார் 16 பேர்.

இந்த 16 பேரும் எங்கே படுத்தார்கள்? மாலுமிகள் முகப்பில், அதிகாரிகள் பின்புறம். நடுவில் இயந்திரமும் எண்ணெயும். படகு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்தப் பிரிவினை மட்டும் மாறவே இல்லை. அதிகாரிகள் இரண்டு மூன்று பேர்தான்; ஆனாலும் அவர்களுக்கென்று ஒரு தனி அறை, ஒரு மேசை, கதவு. மீதிப் பேர் முகப்பில் ஒரே அறையில். அந்த அறையே அவர்களுக்குச் சாப்பாட்டு அறை, துணி காய்கிற அறை, சீட்டாடுகிற அறை, காயம்பட்டவரைக் கிடத்துகிற அறை. கித்தாத் தோட்டத்து லயத்து வீட்டில் ஒரே அறையில் குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று புரியும்.

படுக்கையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இரும்புக் குழாயை வளைத்து ஒரு நீள்சட்டம். அதற்குள் ஒரு கேன்வாஸ் துணி. ஓரங்களில் துளையிட்டுக் கயிறு கோத்துச் சட்டத்தோடு இழுத்துக் கட்டியிருக்கும். சட்டத்தின் ஒரு பக்கம் படகின் பக்கச்சுவரில் கீல் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். மறுபக்கத்தைக் கூரையிலிருந்து தொங்கும் சங்கிலி தாங்கும். பகலில் மேல்கட்டிலை மடக்கிச் சுவரோடு சாத்திவிடலாம். கீழ்க்கட்டிலோ பெரும்பாலும் இருக்கையாகவும் பயன்படும். அதன் அடியில்தான் துணிமணிப் பெட்டி. மேசையில் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கீழ்க்கட்டில்காரர் கால் நீட்ட முடியாது. மேல்கட்டிலில் படுத்தவருக்கு வேறு தொல்லை. மூக்குக்கு நேர் மேலே தளப் பலகை. ஈரப்பதம் அதில் முத்து முத்தாகத் திரண்டு முகத்தில் சொட்டும். கயிறு தளர்ந்தால் கேன்வாஸ் தொட்டில்போலத் தொய்ந்து முதுகு வளையும். ஆகவே ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மாலுமிகள் கயிற்றை இழுத்துக் கட்டுவதும் ஒரு வேலை.

பெரிய போர்க்கப்பல்களில் ஆங்கிலேய மாலுமிகள் தூங்கியது தொங்கு படுக்கையில். கப்பல் சாய்ந்தாலும் அது நேராகத் தொங்கும். ஆடினாலும் உடம்புக்கு அடி இல்லை. சிறுபடகில் அதை மாட்டுவதற்கு உயரமும் இல்லை, இடமும் இல்லை. படகோடு சேர்ந்தே கட்டிலும் ஆடியது. ஃபேர்மைல் படகின் அடிப்பாகம் உருண்டையானது. பக்கவாட்டில் அலை வந்தால் வாளிபோல உருளும். உருண்டு கீழே விழாமலிருக்க மாலுமிகள் ஒரு முழங்காலைச் சங்கிலிக்கு முட்டுக்கொடுத்துப் படுத்தார்கள். முட்டுக்கொடுத்த காலோடு எப்படி ஆழ்ந்து தூங்குவது? இந்தச் சிரமத்தை ஆங்கிலேயக் கடற்படை அறிந்தே இருந்தது. இத்தகைய சிறு கலங்களில் பணியாற்றியவர்களுக்கு, இருப்பிட வசதிக் குறைவுக்காகவே ஒரு கூடுதல் படி கொடுத்தார்கள். படி கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை.

டார்பிடோப் படகுகளில் நிலைமை இன்னும் மோசம். ஃபேர்மைல் படகு நீரைக் கிழித்துச் செல்வது; டார்பிடோப் படகு நீரின் மேல் எழும்பி வழுக்கிச் செல்வது. 40 நாட் வேகத்தில் முகப்பு தூக்கித் தூக்கி அறையும். முகப்பு அறையில் படுத்திருப்பவரைப் படகு மேலே எறியும், அவர் இறங்குவதற்குள் கட்டில் மறுபடி எழும்பி வந்து முதுகில் மோதும். அதனால் படகு விரையும்போது முகப்புப் படுக்கைகள் காலியாகவே கிடந்தன. இருக்கிற படுக்கையும் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும்போதுதான் படுக்கை.

அமெரிக்கரின் பி.டி. எனப்பட்ட டார்பிடோப் படகுகளில் அதிகம் கட்டப்பட்டது எல்கோ நிறுவனத்தின் 80 அடிப் படகு. மூன்று பாக்கார்ட் இயந்திரங்கள், 3,000 காலன் விமானப் பெட்ரோல், நான்கு டார்பிடோக்கள் வரை. 12 முதல் 17 பேர். முகப்பை அடுத்து மாலுமிகளின் படுக்கை அறை, அதை ஒட்டிச் சிறிய சமையற்கட்டு, கழிவறை, சுக்கான் மேடைக்கு அடியில் அதிகாரிகளின் அறைகள், பின்பாதியில் இயந்திரங்கள். அன்றைய ஆங்கிலேயப் படகுகளோடு ஒப்பிட்டால் வசதி அதிகம்தான், குளிர்பெட்டிகூட இருந்தது. ஆனால் குளிர்நாட்டுப் பட்டறையில் யோசித்துக் கட்டிய அறையைச் சொலமன் தீவுகளிலும் நியூ கினியிலும் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? வெயிலில் தளப் பலகை சுடும். பெட்ரோல் வாடை, வியர்வை வாடை, சமையல் வாடை எல்லாம் கீழே தேங்கும். காற்றுக்கு ஒரு திறப்பும் சில குழல்களும்தான். மழை வந்தால் அந்தத் திறப்பையும் மூட வேண்டும்.

இதில் வேலை நேரமும் தலைகீழ். பகலில் விமானத்துக்குத் தப்ப முடியாது என்பதால் இந்தப் படகுகள் இரவில் வேட்டைக்குப் போயின. விடியற்காலையில் திரும்பி, கழிமுகத்து மரங்களுக்கு அடியில் வலை போர்த்தி ஒளிந்தன. ஆக, தூங்க வேண்டிய நேரம் நண்பகல். அறை அடுப்பாகக் கொதிக்கும் நேரமும் அதுவே. அதற்குள்ளேயே எண்ணெய் நிரப்ப வேண்டும், துப்பாக்கி துடைக்க வேண்டும், இயந்திரத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆகவே ஆட்கள் கீழறையை விட்டுவிட்டு மேல்தளத்தில் படுத்தார்கள். டார்பிடோக் குழாய்க்கும் அறைச்சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குச் சந்து. உயிர்காப்பு மேலங்கிதான் தலையணை. மேலே ஒரு கேன்வாஸ் பந்தல். கொசுக்கடி, மலேரியா மாத்திரை, நடுவில் ஒரு மழை. கரையில் கூடாரம் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

1943 ஆகஸ்ட் 2 அதிகாலை, பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் பி.டி.-109 படகை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் அமகிரி இடித்துப் பிளந்தபோது படகில் 13 பேர். காவல் முறை இல்லாத சிலர் அந்த நேரத்தில் மேல்தளத்தில்தான் படுத்திருந்தார்கள். இருவர் மாண்டார்கள். அந்தச் சம்பவத்தை வீரக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள்; இரவு முழுக்க விழித்திருந்து பகலில் வெந்துபோன ஆட்கள் அவர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. டீசல் எளிதில் தீப்பிடிக்காது. பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும். ஒரு பொறி போதும். எனவே படுக்கையறையிலும் நெருப்பைப் பற்றிய பயம் கூடவே இருந்தது. எண்ணெய் நிரப்பும்போது அடுப்பு அணைக்கப்பட வேண்டும், சிகரெட் கூடாது, இயந்திரத்தை முடுக்கும் முன் காற்றாடி ஓட்டி ஆவியை வெளியேற்ற வேண்டும். ஜெர்மானியர் தங்கள் டார்பிடோப் படகுகளுக்கு டீசல் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஒரு முடிவு அவர்களுடைய மாலுமிகளின் தூக்கத்துக்கும் நல்லதாகவே அமைந்திருக்கும்.

இவ்வளவு குறையையும் ஈடுகட்ட ஒரு வழி இருந்தது: தாய்க்கப்பல். சிறுபடகுகள் அதனருகே வந்து கட்டிக்கொள்ளும். ஆட்கள் அதில் ஏறிக் குளிப்பார்கள், சூடாகச் சாப்பிடுவார்கள், அசையாத ஒரு படுக்கையில் சில மணி நேரம் கண்ணயர்வார்கள். படகைப் பழுதுபார்ப்பதும் அங்கேதான். 70 அடி ஆங்கிலேய டார்பிடோப் படகுகள் தாய்க்கப்பலையோ கரைத்தளத்தையோ நம்பியே கட்டப்பட்டவை. அவற்றில் நாள்கணக்கில் வாழலாம் என்று யாரும் எண்ணவில்லை.

பேராக் பிரிவுக்கு அந்தத் தாய்க்கப்பல் 'குடாட்'. 1941 டிசம்பர் 30 அன்று போர்ட் சுவெட்டன்ஹாமில் ஜப்பானிய விமானங்கள் அதைக் குண்டுவீசி மூழ்கடித்தன. வரலாற்றுக் குறிப்புகளில் இது ஒரு கப்பல் இழப்பாகவே பதிவாகியிருக்கிறது. படகுக்காரர்களுக்கோ அது குளியலும் சோறும் உறக்கமும் ஒரே நாளில் போன கதை. அடுத்த ஓரிரு நாளில், சிங்கப்பூரிலிருந்து உதவிக்கு வந்துகொண்டிருந்த 'யுரேகா' வகை வேகப்படகுகள் ஐந்தும் விமானத் தாக்குதலில் வீணாயின. ஜப்பானியர் கரையோரமாக நகர்ந்ததை அதன்பிறகு கடலில் தடுக்க ஆளில்லை. விமான பலம் இல்லாததே தோல்விக்கு முதற்காரணம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் படுக்க இடமின்றி இரவெல்லாம் ஓடிய ஒரு சிறு குழுவிடம் இதற்குமேல் எதிர்பார்த்திருக்கவும் முடியாது.

சிங்கப்பூர் விழும் தறுவாயில் இந்தப் படகுகளுக்கு இன்னொரு சுமை. 1942 பிப்ரவரி 13 இரவு எம்.எல்.310 என்ற மோட்டார் லாஞ்சு, ரியர் அட்மிரல் ஸ்பூனரையும் விமானப்படைத் தளபதி புல்ஃபோர்டையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. 16 பேர் நெருக்கியடித்து வாழும் படகில் நாற்பதுக்கும் மேற்பட்டோர். பங்காவுக்கு வடக்கே செபியா என்ற சிறு தீவில் அது தரைதட்டிச் சேதமடைந்தது. தளபதிகள் இருவரும் அங்கேயே நோயுற்று இறந்தார்கள். பிழைத்தவர்கள் மே மாதம் சரணடைந்தார்கள். எம்.எல்.311 பங்கா நீரிணையில் ஜப்பானியப் போர்க்கப்பலிடம் சிக்கி மூழ்கியது.

பேராக் கரைக்குப் போர்க்காலத்தில் மறுபடியும் வந்த நேசநாட்டுக் கலம் மேலே மிதந்து வரவில்லை, நீருக்கடியில் வந்தது. 1943 மே மாதம் டச்சு நீர்மூழ்கி ஓ-24 இலங்கையிலிருந்து கிளம்பி, ஆங்கிலேய அதிகாரி ஜான் டேவிஸையும் ஐந்து சீன உளவாளிகளையும் லுமுட்டுக்கு வடக்கே, செகாரி பக்கத்துக் கரையில் இரவில் இறக்கிவிட்டது. மடக்குப் படகுகளில் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார்கள். நீர்மூழ்கியில் உறக்கம் என்பது தனிக் கலை. பகலில் நீருக்கடியில், இரவில் மேலே. ஒருவர் காவலுக்கு எழுந்துபோன கட்டிலில் அடுத்தவர் படுப்பார், சூடு ஆறுவதற்கு முன்பே. அப்படிப்பட்ட இடத்தில் விருந்தாளிகள் ஆறு பேருடன் மடக்குப் படகுகளும் மூட்டைகளும் ஏறினால் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

வங்கக் கடலின் வடகிழக்கில் அரச இந்தியக் கடற்படையின் மோட்டார் லாஞ்சுப் பிரிவுகள் அரக்கான் கரையில் இயங்கின. அங்கேயும் நம் மாத்தாங் பாக்காவ் (அலையாத்தி) காட்டைப் போன்ற சேற்றுக் கழிமுகங்கள். அங்கேயும் இரவில் ஓட்டம், பகலில் புழுக்கம். போர் முடிந்த கையோடு, 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தொடங்கிய இந்திய மாலுமிகளின் கிளர்ச்சியில், சுதந்திர வேட்கையோடு சாப்பாட்டையும் இருப்பிடத்தையும் இன அவமதிப்பையும் பற்றிய குறைகளும் சேர்ந்து வெடித்தன. சோறும் படுக்கையும் சின்ன விஷயம் என்று நினைத்தவர்களுக்கு அது நல்ல பாடம்.

போருக்குப் பிறகு மலாயாக் கடற்படை உருவானபோது அதன் தொடக்கக் கலங்களில் போர்க்காலச் சிறு ரோந்து லாஞ்சுகளும் இருந்தன. அவற்றோடு பழைய படுக்கைகளும் வந்தன. உண்மையான மாற்றம் 1963-64 இல் ஆங்கிலேய வோஸ்பர் நிறுவனம் கட்டிக்கொடுத்த 103 அடி ரோந்துப் படகுகளில்தான் தெரிந்தது. ஸ்ரீ கெடா, ஸ்ரீ சிலாங்கூர், ஸ்ரீ பேராக், ஸ்ரீ பகாங், ஸ்ரீ கிளந்தான், ஸ்ரீ திரெங்கானு என்று ஆறு படகுகள். மரத்துக்குப் பதில் எஃகு, பெட்ரோலுக்குப் பதில் டீசல். ஆட்டத்தைக் குறைக்கப் பக்கத் துடுப்பு அமைப்பு. எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர்சாதன வசதி. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில் 22 பேர் அளவில் இந்தப் படகுகளில் வாழ்ந்து மலாக்கா நீரிணையைக் காத்தார்கள். இட நெருக்கடி குறைந்துவிடவில்லை. ஆனால் நண்பகலில் கீழறையில் கண்மூட முடிந்தது. இந்த வெப்பமண்டலக் கடலுக்கென்று யோசித்து ஒரு படகைக் கட்டியதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மலேசியாவிடம் அசல் டார்பிடோப் படகுகளும் இருந்தன. பெர்காசா, ஹண்டாலான், கெம்பித்தா, பெண்டெக்கார் ஆகிய நான்கும் 1967 இல் சேவைக்கு வந்தன.  விமான இயந்திரத்திலிருந்து உருவான மூன்று வாயுச்சுழலிகள். 54 நாட் வேகம். மரத் தகடுகளை ஒட்டிக் கட்டிய உடற்பகுதி, நான்கு டார்பிடோக்கள். போர்க்காலப் படகின் வாரிசு என்று எல்லா வகையிலும் சொல்லலாம்: இயந்திரத்துக்கும் எண்ணெய்க்கும் போக மிச்சம்தான் மனிதருக்கு என்ற கணக்கு உட்பட. பத்தாண்டுகளில் அவை விலகின. பின்னால் வந்த ஏவுகணைப் படகுகள் அதே பெயர்களைத் தாங்கின.

ஸ்ரீ திரெங்கானு படகு இப்போது மலாக்காவில் கடற்படை அருங்காட்சியகத்தில் கரையேற்றி நிறுத்தப்பட்டிருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பீரங்கி முன்னால் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், ஆட்கள் படுத்துறங்கிய இடம் எவ்வளவு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆயர் தாவார், சித்தியவான், லுமுட் பக்கம் கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர்கள் இருந்தால், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ரோந்துப் படகில் உங்கள் கட்டில் எந்தப் பக்கம் இருந்தது, மழையில் எங்கே படுத்தீர்கள், யாரோடு அதைப் பகிர்ந்துகொண்டீர்கள் என்பதைத் தமிழில் எழுதி வையுங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியாவது பதிவு செய்யுங்கள்.